போன அறிவு திரும்பி வந்தது! மேரி லாம்பின் கதை

லண்டன் நகரை அடுத்த வயல்வெளி. நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்தபடி மெல்ல நடந்து போகிறார்கள். இருவரும் அழுதுகொண்டே போகிறார்கள்.

லாயிட் என்ற கவிஞர் வழியில் அவர்களைப் பார்த்தார். இருவரும் அவருக்கு நண்பர்கள். எங்கே போகிறார்கள் என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை. ஹாக்ஸ்டன் என்ற இடத்தில் இருந்த பைத்தியக்கார விடுதிக்குத்தான். அந்தக் காலத்தில் அதை அப்படித்தான் அழைத்தார்கள்.

அந்தப் பெண் மேரி லாம்ப். கூடப் போனவன் அவளுடைய தம்பி சார்லஸ் லாம்ப்.

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிறுவர்களும் படிக்கும்படி கதைகளாக எழுதினார்களே, அந்த அக்காளும் தம்பியும்தான் இவர்கள். அந்தப் புத்தகம் 1807-ம் ஆண்டில் வந்தது. இன்றும் விற்பனையாகிறது. நம் நாட்டிலும் அதைப் பாடமாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

அதில் உள்ள 20 கதைகளில் 14 கதைகளை எழுதியவள் மேரி. எழுதியபோது அவளுக்கு வயது 41.

அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பு அவள் தன் தாயாரையே கத்தியால் குத்திக் கொன்றிருந்தாள்!

குத்தியதும் அதே கைதான். எழுதியதும் அதே கைதான். இது எப்படி நடந்தது?

ஊசியும் நூலும்

மேரி 1764-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி லண்டனில் பிறந்தாள். தகப்பனார் ஜான் லாம்ப், சாமுவேல் சால்ட் என்ற வக்கீலிடம் குமாஸ்தா. குமாஸ்தா என்று பெயரே தவிர, வீட்டு வேலைகளையும் அவர்தான் பார்த்தார். வக்கீல்கள் குடியிருக்கும் இன்னர் டெம்பிள் என்ற இடத்திலேயே அவருடைய குடும்பமும் இருந்தது.

பிறந்த குழந்தைகள் 7. பிழைத்தவை 3. மூத்தவன் ஜான். அடுத்தவள் மேரி. கடைக்குட்டி சார்லஸ். மேரிக்கும் சார்லசுக்கும் 10 வயது வித்தியாசம். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவளும் அவள்தான், எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

மேரி பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். ஆனால், வக்கீல் வீட்டில் அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள் இருந்தன. எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், தடுப்பார் இல்லை. அங்கேதான் அவள் ஷேக்ஸ்பியரைப் படித்தாள்.

1792-ம் ஆண்டில் வக்கீல் இறந்தார். குடியிருந்த வீடும் போயிற்று. குடும்பம் ஹோல்பர்ன் பகுதியில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனது. தகப்பனாருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. தாயார் எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். வயதான அத்தை வேறு. மூத்தவன் ஜான் நல்ல உத்தியோகத்தில் இருந்தான், தனியாகப் போய்விட்டான்.

சார்லஸ் 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். நம் சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான். அதன் லண்டன் தலைமை அலுவலகத்தில் வேலை. முதல் 3 ஆண்டுகளுக்குச் சம்பளம் கிடையாது!

மேரி ஊசியை எடுத்தாள். பணக்காரப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தாள். பகல் முழுதும் தையல். இரவில் தாயாருக்குப் பணிவிடை. தூக்கம் என்பதே இல்லை. தூக்கம் கெடுவது இந்த நோயைக் கிளப்பிவிடும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்று அதைச் சொல்ல ஆள் இல்லை.

1795-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதலில் நோயில் விழுந்தவன் சார்லஸ். 6 வாரம் ஹாக்ஸ்டன் விடுதியில் இருந்தான். குணமானான். அவனுக்கு அது மறுபடியும் வரவில்லை. அடுத்த ஆண்டில் அக்காளின் முறை வந்தது.

டாக்டர் வீட்டில் இல்லை

1796-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, புதன்கிழமை. சில நாட்களாகவே மேரியின் போக்கு சரியில்லை. அன்று மாலை அது முற்றிவிட்டது. அதிக வேலையால் அவளுக்கு முன்பும் ஒரு முறை சித்தம் கலங்கியது உண்டு. ஆகவே, சார்லஸ் பயந்தான். மறுநாள் காலையிலேயே பிட்கேர்ன் என்ற டாக்டரைத் தேடிப் போனான்.

டாக்டர் வீட்டில் இல்லை.

அன்று சாப்பாட்டுக்கு மேஜை தயாராகிக்கொண்டிருந்தது. தையல் பழக வந்திருந்த சிறுமி ஒருத்தி அங்கே இருந்தாள். திடீரென்று மேரிக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. மேஜையில் கிடந்த கத்தியை எடுத்தாள். சிறுமி அலறிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். மேரி துரத்தினாள். படுத்திருந்த தாயார் அவளை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். மேரி திரும்பினாள்.

சார்லஸ் ஓடி வந்து அக்காளின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். தாயாரின் உயிர் போய்விட்டது. தகப்பனாரின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ஒன்றும் புரியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விசாரணை நடந்தது. மேரி சித்தம் கலங்கிய நிலையில் செய்துவிட்டாள் என்று தீர்ப்பு ஆயிற்று. அவளை இஸ்லிங்டனில் ஒரு தனியார் விடுதியில் சேர்த்தார்கள்.

சில நாட்களில் அவளுக்குத் தெளிந்துவிட்டது! என்ன செய்தோம் என்பது முழுதும் நினைவுக்கு வந்தது. அவள் கதறவில்லை, உயிரை விடவும் முயலவில்லை. இரவில் விழித்துக்கொள்ளும்போது தாயார் இறங்கி வந்து தன்னைப் பார்த்துப் புன்னகை செய்வதாகத் தோன்றுகிறது என்று தம்பிக்குத் தெரிவித்தாள். தாயார் மன்னித்துவிட்டார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை இல்லாமல் அவள் எப்படி அடுத்த 50 ஆண்டுகள் வாழ்ந்திருக்க முடியும்?

நான் பொறுப்பு என்றான் தம்பி

இனி மேரியை என்ன செய்வது?

அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்பது மூத்தவன் ஜானின் எண்ணம். நியாயமற்ற பேச்சு என்று சொல்லிவிட முடியாது. கத்தி எடுத்தவள் மறுபடி எடுக்கமாட்டாள் என்பதற்கு யார் ஜாமீன்?

சார்லசுக்கு அப்போது வயது 21. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். குடும்பத்துக்கு வருடத்தில் 170 அல்லது 180 பவுன் வரும். அதில் 50, 60 பவுனை அக்காளுக்கு ஒதுக்கலாம். எந்தப் பொது ஆஸ்பத்திரிக்கும் அவளை அனுப்ப வேண்டியதில்லை. ஆயுள் முழுதும் அவளைப் பார்த்துக்கொள்ள நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 1800-ம் ஆண்டில் சட்டம் மாறிவிட்டது. சித்தம் கலங்கிக் குற்றம் செய்தவர்களை மன்னரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்கலாம் என்று ஆயிற்று. இந்தச் சம்பவம் 4 ஆண்டுகள் தள்ளி நடந்திருந்தால், மேரி கடைசிவரை அடைபட்டே கிடந்திருக்கக்கூடும்.

1797-ம் ஆண்டு ஏப்ரலில் மேரி வெளியே வந்தாள். தகப்பனார் உயிரோடு இருந்தவரை ஹாக்னி என்ற இடத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். 1799-ல் தகப்பனார் இறந்தார். அதன் பிறகு அக்காளும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள்.

சார்லஸ் ஒரு பெண்ணை விரும்பியிருந்தான். அதை மறந்தான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1819-ல், பேன்னி கெல்லி என்ற நடிகையிடம் மணந்துகொள்ளச் சம்மதமா என்று கடிதம் எழுதிக் கேட்டான். அவள் அன்றே மறுத்துவிட்டாள். அவர்கள் குடும்பத்தில் உள்ள நோய்தான் அவளுக்குத் தயக்கம். கடைசிவரை அவன் பிரம்மச்சாரி.

லீவு கேட்கும் தம்பி

மேரியின் நோய் ஒரு தடவையோடு நிற்கவில்லை. போகும், வரும். ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தது.

வரும்போது அவளுக்குத் தூக்கம் போகும். எரிச்சல் வரும். பிறகு பேச்சு பெருக்கெடுக்கும். தனக்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஆன் ராணியின் அரண்மனையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தச் சீமாட்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள். முன்னுக்குப் பின் தொடர்பு இருக்காது. ஆனால், ஒவ்வொரு துண்டும் பளபளக்கும் என்று கேட்ட நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேகம் அடங்கியதும் சோர்வு வரும். வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும். அதன் பின் ஒரு நாள் பழைய மேரி திரும்பி வந்துவிடுவாள்.

ஏற்றம், இறக்கம், நடுவில் தெளிவு. இதை இன்று இருமுனை மனநோய் என்கிறார்கள். கடிதங்களைப் படித்துப் பார்த்த பலர் மேரிக்கு இருந்தது இதுதான் என்று கருதுகிறார்கள். மேரி இறந்து 52 ஆண்டுகளுக்குப் பிறகு, 1899-ல்தான் ஜெர்மன் டாக்டர் எமில் கிரெப்பலின் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். வேறு சில மனநோய்களில் அறிவு தேய்ந்துகொண்டே போகிறது. இதில் ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் நடுவில் அறிவு திரும்பி வருகிறது என்றார் அவர். அதற்குச் சாட்சி வேண்டுமானால் மேரியையே காட்டியிருக்கலாம்!

மருந்து எதுவும் அன்று கிடையாது. இந்த நோய்க்கு லித்தியம் உப்பு உதவும் என்று ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதியது 1949-ல். சார்லசிடம் இருந்த ஒரே மருந்து, கண் கொட்டாமல் கவனிப்பது.

முதல் அறிகுறி தெரிந்ததும் அவன் அலுவலகத்தில் ஒரு நாள் லீவு கேட்பான். உல்லாசப் பயணம் போகிறவன் போலக் கேட்பான். பிறகு இருவரும் வயல் பாதையில் ஹாக்ஸ்டனுக்கு நடப்பார்கள். மேரிக்கே தன் நோய் வருவது தெரியும். வெளியூர்ப் பயணம் புறப்பட்டால், கைகளை அசைக்க முடியாமல் கட்டிப்போடும் சட்டையைத் தன் கையாலேயே மடித்துப் பெட்டியில் வைப்பாள்! மற்றப் பெண்கள் புறப்படும்போது பெட்டியில் என்னென்ன வைப்பார்கள்? இவள் இதை வைத்தாள்.

அக்கம்பக்கத்தார் எப்படியோ விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். அப்புறம் அங்கே இருக்க முடியாது. வீடு மாற வேண்டும். அப்படி எத்தனையோ தடவை வீடு மாறினார்கள்.

ஒரே மேஜையில் இருவர்

1806-ல் வில்லியம் காட்வின் என்ற எழுத்தாளரும் அவர் மனைவியும் சிறுவர் புத்தகங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷேக்ஸ்பியர் கதைகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். கூலி 60 கினி. சிரிப்பும் மங்களமுமாக முடியும் நாடகங்களை மேரி எடுத்துக்கொண்டாள். சாவில் முடியும் நாடகங்கள் தம்பிக்கு.

ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு நாடகத்தை அப்படியே மனத்தில் வாங்கி, பாத்திரங்களைக் குறைத்து, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி, குழந்தைக்குப் புரியும் நடையில் சொல்ல வேண்டும். நினைவு, கவனம், திட்டம் மூன்றும் வேண்டிய வேலை. வருடத்துக்கு ஒரு தடவை அறிவு கலங்கும் பெண் இதைச் செய்தாள். 14 தடவை செய்தாள்.

புத்தகம் வெளிவந்தது. முகப்பில் சார்லஸ் லாம்ப் என்ற பெயர் மட்டும் இருந்தது. மேரியின் பெயர் ஏறியது 1838-ல்!

அதோடு நிற்கவில்லை. பள்ளிச் சிறுமிகள் தங்கள் கதைகளைச் சொல்வதுபோல ஒரு புத்தகம் 1809-ல் வந்தது. அதன் 10 கதைகளில் 7 மேரியுடையவை. பெண்கள் கூலியின்றி வீட்டில் தைத்துக்கொண்டே காலம் கழிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது 1815-ல் புனைபெயரில் வெளியானது. தையல்காரி எழுதிய கட்டுரை அல்லவா, ஒவ்வொரு வரியிலும் அனுபவம் பேசும். அதை எழுதி முடித்த கையோடு அவளுக்கு நோய் வந்துவிட்டது. உழைப்பின் மிகுதியால்தான் என்று தம்பி நினைத்தான்.

நண்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் லத்தீன் மொழி சொல்லிக்கொடுத்தாள். வாரம் ஒரு மாலை அவர்கள் வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். கவிஞர்கள் கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் எல்லாம் வருவார்கள். ஹாஸ்லிட் என்ற எழுத்தாளர் சுலபத்தில் யாரையும் பாராட்டாதவர். அவரே, தான் பார்த்த பெண்களில் முழுக்க முழுக்க நியாயபுத்தி உள்ளவள் மேரி ஒருத்திதான் என்று சொல்வாராம்.

சார்லஸ் எலியா என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரைகள் பெரும் புகழ் பெற்றன. அவற்றில் பிரிட்ஜெட் என்று ஓர் உறவுக்காரப் பெண் வருவாள். அவள்தான் மேரி. தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டு. நோயில்லாத நாட்களில் அக்காள்தான் அவனைக் கவனித்துக்கொண்டாள். இதையும் சொல்ல வேண்டும். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நீண்டுகொண்டே போன இருட்டு

வயது ஏற ஏற நோய் நீண்டது. 1822-ல் இருவரும் பிரான்ஸ் நாட்டுக்குப் போனார்கள். வழியில் அமியான் நகரிலேயே மேரிக்கு நோய் வந்துவிட்டது. தாதியின் காவலில் அவளை விட்டுவிட்டுச் சார்லஸ் மேலே போக வேண்டியதாயிற்று.

1825-ல், 33 ஆண்டு வேலைக்குப் பிறகு, சார்லஸ் ஓய்வு பெற்றான். விருந்தாளிகளின் கூட்டமும் பரபரப்பும் அக்காளுக்கு ஆகவில்லை என்று லண்டனை விட்டு என்பீல்டு என்ற ஊருக்குப் போனார்கள். நட்பெல்லாம் லண்டனில். அவனுக்கு அது வனவாசம்தான்.

முன்பெல்லாம் ஆறு வாரம், எட்டு வாரம். 1833-ல் வந்த தடவை 3 மாதம் வேகம், அதன் பின் 2 மாதம் சோர்வு. அவள் ஆயுளில் பாதி தனக்கு இல்லாமல் போய்விட்டது என்று சார்லஸ் ஒரு கடிதத்தில் வருந்தினான்.

இந்த நோயைப் பற்றி இன்றைக்குத் தெரிந்தது இது: பலர் நடுவில் உள்ள நாட்களில் நன்றாக வேலை செய்கிறார்கள். சிலருக்குத் தெளிந்த நாட்களிலும் கவனம், ஞாபகம், திட்டமிடும் திறன் இவற்றில் கொஞ்சம் குறை தங்கிவிடுகிறது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் இந்தக் குறை அதிகமாகக் காணப்படுகிறது. ஆளுக்கு ஆள் இது மாறுபடும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, தூக்கத்தையும் காத்துக்கொண்டால், திரும்ப வருவதைக் குறைக்க முடிகிறது. மேரிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

ஆனாலும், அவள் ஞாபகம் அழியவில்லை. நோயின் நடுவில் பிதற்றும்போதுகூட, தான் அடியோடு மறந்துபோன பழைய ஆட்களையும் பெயர்களையும் ஆயிரக்கணக்கில் அவள் எடுத்து வைப்பதாகச் சார்லஸ் எழுதினான். இதயம் மூடிக்கிடக்கிறதே தவிரப் புதைந்துவிடவில்லை என்று கண்டான். உலகத்தாரின் புத்திசாலிப் பேச்சைவிட அக்காளின் அந்தப் பிதற்றல் தனக்குப் பெரிது என்றும் எழுதினான்.

1833-ல் எட்மண்டன் என்ற ஊரில், இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கே அவன் குடிபோனான். அதுவரை நோய் வந்தால் அக்காள் மட்டும் போவாள். இனி, நோயிலும் கூடவே இருப்பது என்று முடிவு செய்துவிட்டான்.

ஒரு கோப்பை வாழ்த்து

அந்த வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது.

அக்காளும் தம்பியும் எம்மா ஐசோலா என்ற அநாதைப் பெண்ணை வளர்த்துவந்தார்கள். அவளுக்கு 1833-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி கல்யாணம். மாப்பிள்ளை எட்வர்டு மாக்சன் என்ற புத்தக வெளியீட்டாளர். மேரி அப்போது நோயின் பிடியில் கிடந்தாள். கல்யாணத்துக்கு வர முடியவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரப் பெண்மணி மணமக்களின் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தினாள். அந்தப் புதுப் பெயர் மேரியின் காதில் விழுந்தது. மின்சாரம் பாய்ந்ததுபோல் அந்த வினாடியே அறிவு முழுதும் திரும்பிவிட்டது! மேரியே தன் கைப்பட இதை மணமக்களுக்கு எழுதினாள். அவளுடைய சொந்தச் சொற்கள்தான், யாரும் சொல்லி எழுதவில்லை என்று தம்பி சாட்சி சொன்னான்.

அவர்கள் வாழ்வில் கடைசியாக வந்த பெரிய சந்தோஷம் அதுதான்.

1834-ம் ஆண்டு டிசம்பரில் சார்லஸ் சாலையில் தடுக்கி விழுந்தான். முகத்தில் சிறு காயம். அதில் விஷம் ஏறிவிட்டது. டிசம்பர் 27-ந் தேதி இறந்துபோனான். வயது 59. அப்போது மேரிக்கு நோய்; என்ன நடந்தது என்பதை முழுதும் உணரும் நிலையில் அவள் இல்லை. அதுவரை 38 ஆண்டுகள் வாக்குக் காப்பாற்றப்பட்டிருந்தது. தான் முந்திக்கொண்டால் அக்காளுக்கு வேண்டுமென்று அவன் பணமும் சேர்த்து வைத்திருந்தான். குமாஸ்தாவின் மனைவிக்குக் கொடுப்பதுபோல மேரிக்கும் உதவித்தொகை கிடைத்தது.

தெளிந்த நாட்களில் அவள் தம்பியின் கல்லறை வரை நடந்துபோவாள். லண்டனுக்கு வந்துவிடும்படி நண்பர்கள் அழைத்தார்கள். தம்பி இங்கே இருக்கிறானே என்று வெகு காலம் மறுத்தாள். பிறகு ஒருவாறு சம்மதித்து, தாதியின் வீட்டாரோடு லண்டனில் வசித்தாள். தெளிந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

1847-ம் ஆண்டு மே 20-ந் தேதி மேரி இறந்தாள். வயது 82. எட்மண்டனில் தம்பியின் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

1796-ம் ஆண்டு நடந்ததை நண்பர்கள் வெளியே சொன்னதில்லை.  அவள் இறந்த மறு ஆண்டு, 1848-ல்தான் விஷயம் அச்சில் வந்தது. அதற்குள், அவள் எழுதிய கதைகளைப் படித்து வளர்ந்த குழந்தைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.